யூனிட்டுக்கு எத்தனை சென்ட்? அமெரிக்க அரசின் சோலார் ஆராய்ச்சி நிதியைத் தொழில்துறைக் கூட்டணியாகப் பெறுவதற்கான முழு வழிகாட்டி

அமெரிக்க எரிசக்தித் துறைக்குப் போகும் சோலார் விண்ணப்பங்களில் அடிக்கடி ஒரு குறை தென்படும். புதிய செல்லின் திறனைப் பற்றிப் பத்துப் பக்கம் இருக்கும். அந்தச் செல் சந்தைக்கு வந்தால் ஒரு யூனிட் மின்சாரம் எத்தனை சென்ட் குறையும் என்பதற்கு ஒரு வரி இருக்காது. அப்படி எழுதுகிறவர்களுக்கு இயற்பியல் தெரியும்; பணம் கொடுக்கிறவர் எதை வாங்க வந்திருக்கிறார் என்பது மட்டும் தெரியாது.

அமெரிக்காவில் சோலார் துறையில் வேலை செய்யும் பொறியாளர்கள், சொந்த நிறுவனம் தொடங்கியவர்கள், பல்கலைக்கழக ஆய்வகங்களில் இருப்பவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. விண்ணப்பம் போடுவதிலிருந்து கணக்கு முடிப்பது வரை வரிசையாகப் போகலாம்.

முதலில் ஒரு சின்ன வரலாறு. விண்ணப்பத்துக்கே இது உதவும்

இந்த நிதியின் இன்றைய வடிவத்துக்கு முன்னோடி, 2006-இல் ஜார்ஜ் புஷ் ஆட்சியில் அறிவிக்கப்பட்ட சோலார் அமெரிக்கா இனிஷியேட்டிவ். அப்போது சோலார் மின்சாரம் யூனிட்டுக்கு 18 முதல் 23 சென்ட். 2015-க்குள் அதை 5 முதல் 10 சென்ட்டுக்குக் கொண்டுவந்து, மானியம் இல்லாமலே மற்ற மின்சாரத்தோடு போட்டி போட வைக்க வேண்டும் என்பது இலக்கு. 2007 மார்ச்சில் தொழில் நிறுவனங்கள் தலைமையேற்ற 13 கூட்டணிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு அரசு தர ஒப்புக்கொண்டது 16.8 கோடி டாலர் வரை. நிறுவனங்கள் போடும் பணத்தையும் சேர்த்தால் மொத்தம் 35.7 கோடி. அதாவது பாதிக்கு மேல் நிறுவனங்களின் சொந்தப் பணம்.

அந்த 13-இல் இருந்த கொனார்க்கா 2012-இல் திவாலானது. யுனைடெட் சோலாரின் தாய் நிறுவனமும் அதே ஆண்டு திவால். நானோசோலார் 2013-இல் முடிந்துபோனது. பல நிறுவனங்களின் திட்டம் ஒரே நம்பிக்கையில் நின்றது: பாலிசிலிக்கான் (வழக்கமான பேனல் செல்களின் மூலப்பொருள்) விலை உயரத்திலேயே இருக்கும், சிலிக்கான் இல்லாத மெல்லிய படலப் பேனல்கள் ஜெயித்துவிடும். 2008-இல் கிலோ 400 டாலரைத் தாண்டிய பாலிசிலிக்கான், அடுத்த சில ஆண்டுகளில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. ஆகவே உங்கள் விண்ணப்பத்தில் 'இன்றைய விலையைவிட நாங்கள் மலிவு' என்று எழுதாதீர்கள். உங்கள் பொருள் சந்தைக்கு வரும் ஆண்டில் எதிராளியின் விலை என்னவாக இருக்கும் என்று எழுதுங்கள். மதிப்பீட்டாளர்களில் பழைய ஆட்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

2011 பிப்ரவரியில் அப்போதைய எரிசக்தித் துறைச் செயலர் ஸ்டீவன் சூ அறிவித்த சன்ஷாட் திட்டம் இலக்கை இன்னும் கூர்மையாக்கியது. பெரிய நிலையங்களுக்கு 2020-க்குள் யூனிட்டுக்கு 6 சென்ட், நிறுவும் செலவு வாட்டுக்கு ஏறத்தாழ 1 டாலர். 2017-லேயே 6 சென்ட்டைத் தொட்டுவிட்டதாக அறிவித்தார்கள்; 2030-க்கு 3 சென்ட் என்ற புதிய கோட்டை அதற்கு முந்தைய ஆண்டே போட்டிருந்தார்கள். 2021-இல் அதையும் 2 சென்ட்டாக இறக்கினார்கள். கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு: இந்த இலக்குகள் வரிச் சலுகையைக் கணக்கில் சேர்க்காதவை, சராசரி வெயில் உள்ள கான்சாஸ் சிட்டியை அளவுகோலாகக் கொண்டவை. அரிசோனா வெயிலையும் 30% வரிச் சலுகையையும் போட்டுக் கணக்குக் காட்டினால், எண் அழகாக வரும்; மதிப்பெண் வராது.

படி 1: திறந்த அழைப்பு இருக்கிறதா, உங்களுக்குப் பொருந்துமா

நிதி அழைப்பு வெளிவந்த பிறகு உட்கார்ந்து யோசிப்பவர்களுக்கு நேரம் போதாது. அழைப்பு ஆவணம் நூறு பக்கத்தைத் தாண்டும். அதை முழுதாகப் படிப்பதற்கு முன் நான்கு இடங்களை மட்டும் பாருங்கள்: எந்தத் தலைப்புகள், யார் தகுதியானவர், பங்குத்தொகை (உங்கள் தரப்பு போட வேண்டிய பணம்) எத்தனை சதவீதம், எவற்றை ஏற்கமாட்டார்கள். 'இந்த அழைப்பில் ஆர்வமில்லாதவை' என்று ஒரு பத்தி பெரும்பாலும் இருக்கும். உங்கள் யோசனை அதில் இருந்தால் அன்றே விட்டுவிடுங்கள்.

2025-க்குப் பிறகு சூழல் மாறியிருக்கிறது. எரிசக்தித் துறைக்குள் அலுவலகங்கள் பெயர் மாறியிருக்கின்றன. கொலராடோவின் கோல்டன் நகரிலுள்ள தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகமே (என்.ஆர்.இ.எல்.) 2025 டிசம்பரில் 'நேஷனல் லேபரட்டரி ஆஃப் தி ராக்கீஸ்' ஆகிவிட்டது. (கீழே பழக்கப்பட்ட பெயரையே பயன்படுத்துகிறோம்.) முன்னுரிமைகளும் மாறுகின்றன. பழைய அழைப்பின் விண்ணப்பத்தைத் தூசி தட்டி அனுப்புவது வீண் வேலை. ஆனால் விண்ணப்ப நடைமுறை, பங்குத்தொகைச் சட்டம், காப்புரிமை விதிகள் ஆகியவை எரிசக்தித் துறையின் மற்ற தொழில்நுட்ப நிதிகளுக்கும் பெரும்பாலும் பொதுவானவை, கற்றது வீண்போகாது.

இரண்டு மூன்று பேர் உள்ள நிறுவனம் என்றால் நேராகப் பெரிய கூட்டணி நிதிக்குப் போகாதீர்கள். 2018-இல் தொடங்கிய அமெரிக்கன்-மேட் சோலார் பரிசுப் போட்டி போன்றவை எளிய வாசல். அங்கே பங்குத்தொகை கேட்பதில்லை, செலவுக் கணக்கும் கேட்பதில்லை. ஜெயித்தால் பணத்தோடு தேசிய ஆய்வகத்தில் வேலை செய்துகொள்ள வவுச்சரும் கிடைக்கும்.

படி 2: பதிவுகள். சலிப்பானது, ஆனால் ஆளைக் கவிழ்ப்பது இதுதான்

மத்திய அரசின் பதிவுத் தளமான சாம் டாட் கவ்-இல் நிறுவனத்தைப் பதிந்து யூ.இ.ஐ. என்னும் அடையாள எண் பெற வேண்டும். சில நாளிலும் முடியலாம், பல வாரமும் இழுக்கலாம். இழுப்பதற்குக் காரணம் அனேகமாகப் பெயர்ப் பொருத்தம். மாநிலப் பதிவில் 'இன்க்' என்பதற்கு முன் ஒரு காற்புள்ளி இருந்து, வரித்துறைப் பதிவில் அது இல்லாவிட்டால்கூடச் சரிபார்ப்பு நின்றுவிடலாம். வீட்டு முகவரியில் தொடங்கி அலுவலகத்துக்கு மாறிய நிறுவனங்களுக்கும் இதே தலைவலி. பெயரும் முகவரியும் எல்லா ஆவணத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். திட்டம் நடக்கும்போது காலாவதியானால் பணம் வருவது நின்றுபோகும்.

இதோடு விண்ணப்பம் ஏற்றும் எக்ஸ்சேஞ்ச் தளத்திலும், ஒப்பந்த ஆவணங்கள் வந்துசேரும் ஃபெட்கனெக்ட் தளத்திலும் கணக்குத் தொடங்குங்கள். கடைசி நாள் மாலை ஐந்து மணி என்றால் அது வாஷிங்டன் நேரம். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு மதியம் இரண்டு மணி.

படி 3: கூட்டணி அமைப்பது

ஒரு நல்ல கூட்டணியில் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். பொருளைத் தயாரித்து விற்கப்போகும் நிறுவனம், அறிவியல் கேள்விக்குப் பதில் தேடும் பல்கலைக்கழகம், நடுநிலையாக அளந்து சொல்லும் தேசிய ஆய்வகம். நான்காவதாக, பொருளை வாங்கப்போகும் ஒருவர் (நிலையம் கட்டுபவரோ மின் நிறுவனமோ) ஆலோசகராக இருந்தால் விண்ணப்பத்தின் எடையே கூடும். 'ஆதரிக்கிறோம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிய கடிதத்துக்கு மதிப்பில்லை. 'இந்த அளவு மாட்யூல்களை (பேனல்களை) எங்கள் சோதனைத் தளத்தில் ஓராண்டு நிறுவ இடமும் ஆளும் தருகிறோம்' என்ற கடிதத்துக்கு மதிப்புண்டு.

அசல் உதாரணம் ஒன்று: 2022 ஆகஸ்டில் 2 கோடி டாலரில் தொடங்கப்பட்ட காட்மியம் டெல்லுரைடு (சிலிக்கான் இல்லாத மெல்லிய படலப் பேனல் பொருள்) கூட்டமைப்பு. நிர்வாகம் என்.ஆர்.இ.எல். கையில், டொலிடோ பல்கலைக்கழகம், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம், ஃபர்ஸ்ட் சோலார், டொலிடோ சோலார், சிவானந்தன் லேப்ஸ் ஆகியவை தொடக்க உறுப்பினர்கள். கடைசியில் சொன்னது, யாழ்ப்பாணத்திலிருந்து போன இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிவலிங்கம் சிவானந்தன் நிறுவியது. இந்தக் கூட்டமைப்பின் இலக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்: 2025-க்குள் செல் திறன் 24%-க்கு மேல், மாட்யூல் விலை வாட்டுக்கு 20 சென்ட்டுக்குக் கீழ், 2030-க்குள் 26%, 15 சென்ட். திறனும் விலையும் ஒரே வாக்கியத்தில். அறிவியல் எண்ணும் காசு எண்ணும் பிரியாமல் வரவேண்டும் என்பதுதான் இதில் கற்க வேண்டியது. காட்மியம் டெல்லுரைடு ஆராய்ச்சிக்கு அரசும் தொழில்துறையும் தொண்ணூறுகளிலிருந்தே சேர்ந்து செலவு செய்திருக்கின்றன. அந்தத் தொழில்நுட்பத்தில்தான் காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது.

தேசிய ஆய்வகத்தைச் சேர்ப்பதானால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வகத்தின் பங்குக்கு அதன் ஒப்பந்த அதிகாரியின் அனுமதிக் கடிதம் தேவை. கேட்ட மறுநாள் கிடைக்காது. ஆய்வகத்துக்கான பணம் உங்கள் கைக்கு வராமல் நேராக அங்கே போகும். ஆனாலும் அந்தத் தொகைக்கும் சேர்த்துப் பங்குத்தொகை போட வேண்டியவர் நீங்கள். அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத ஊழியர்கள் ஆய்வக வளாகத்துக்குள் நுழைய முன் அனுமதி வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவரை அங்கே அனுப்பி அளவு எடுக்கத் திட்டமிட்டால், அந்தக் காத்திருப்பையும் அட்டவணையில் சேருங்கள்.

சென்னையிலோ கோவையிலோ உள்ள சோதனைக் கூடத்தில் பாதி வேலையைச் செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: திட்ட வேலை அமெரிக்காவில்தான் நடக்க வேண்டும் என்பது பொது விதி. விலக்கு கேட்கலாம், ஆனால் 'அங்கே மலிவு' என்பது போதுமான காரணம் ஆகாது. இரு நாட்டுக் கூட்டு வேலைக்கு அதற்கென்று வரும் அழைப்புகளே சரியான வழி. 2012-இல் என்.ஆர்.இ.எல். நிறுவனமும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் தலைமையேற்ற இந்திய–அமெரிக்க சோலார் ஆராய்ச்சி மையம் அப்படி வந்ததுதான்.

படி 4: சென்ட் கணக்கு. விண்ணப்பத்தின் உயிர்

சோலார் மின்சாரத்தின் அடக்க விலைக்குச் சூத்திரம் எளிது. நிறுவும் செலவை ஆயுள் முழுவதற்கும் வட்டியோடு ஆண்டுத் தவணையாக்கி, ஆண்டுப் பராமரிப்பைக் கூட்டி, ஆண்டு உற்பத்தி யூனிட்டால் வகுக்க வேண்டும். வரியையும் பேனல் தேய்மானத்தையும் விட்டுவிட்டு ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம்.

ஒரு கிலோவாட் நிலையம், வாட்டுக்கு 1 டாலர் வீதம் 1,000 டாலர். ஆண்டுக்கு 1,500 யூனிட். பராமரிப்பு 15 டாலர். ஆயுள் 30 ஆண்டு, மூலதனத்தின் வட்டி 7%. ஆண்டுத் தவணை 80.6 டாலர். அதோடு 15 சேர்த்தால் 95.6. 1,500-ஆல் வகுத்தால் யூனிட் 6.37 சென்ட்.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

பேனல் விலை வாட்டுக்கு 10 சென்ட் குறைந்தால்: 5.84 சென்ட்.

பேனல் திறன் 20%-இலிருந்து 22% ஆனால்: சட்டம், தாங்கி, நிலம், பொருத்தும் கூலி எல்லாம் சதுர மீட்டருக்கு 60 டாலர் என்று வைத்தால், வாட்டுக்கு 30 சென்ட்டாக இருந்தது 27.3 ஆகும். யூனிட் 6.23 சென்ட். அவ்வளவுதான்.

ஆயுள் 30-இலிருந்து 50 ஆண்டு ஆனால்: 5.83 சென்ட். விலையில் 10 சென்ட் குறைத்ததற்குச் சமம்.

வட்டி 7%-இலிருந்து 5% ஆனால்: 5.34 சென்ட்.

கடைசி வரியில் நில்லுங்கள். வட்டியில் இரண்டு புள்ளி குறைவது, பேனல் விலையில் கிட்டத்தட்ட 20 சென்ட் குறைவதற்குச் சமம். வங்கி ஏன் வட்டியைக் குறைக்கும்? பேனல் உழைக்கும் என்று நம்பினால் குறைக்கும். அதனால்தான் நம்பகத்தன்மை ஆராய்ச்சிக்கு இந்த நிதியில் தனி இடம் இருந்துவந்திருக்கிறது. தேசிய ஆய்வகங்கள் சேர்ந்து டியூராமேட் போன்ற கூட்டமைப்புகளை நடத்துவதும் அதற்காகவே. 'இரண்டு புள்ளி திறன் கூட்டுவோம்' என்று வருகிறவரைவிட, 'முப்பது ஆண்டு உழைக்கும் என்பதற்குச் சான்று தருவோம்' என்று வருகிறவரின் வாதம் சில சமயம் வலுவாக இருப்பதன் காரணமும் இந்தக் கணக்குதான்.

விண்ணப்பத்துக்கு இதை என்.ஆர்.இ.எல். இலவசமாகத் தரும் சிஸ்டம் அட்வைசர் மாடல் மென்பொருளில் போடுங்கள். அதன் சுருக்கப் பெயரும் 'சாம்'. பதிவுத் தளமும் சாம், மென்பொருளும் சாம். கூட்டணி மின்னஞ்சல்களில் 'சாம் முடிந்ததா' என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

எல்லா அனுமானங்களையும் ஒரே அட்டவணையில் வையுங்கள். எந்த எண் உங்கள் அளவீடு, எது பொது மதிப்பீடு, எது நம்பிக்கை என்று குறியிடுங்கள். மூன்றாம் வகை எண் இரண்டுக்கு மேல் இருந்தால் திட்டம் இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம்.

படி 5: கான்செப்ட் பேப்பர், முழு விண்ணப்பம், பதில் கடிதம்

முதலில் அனுப்பும் யோசனைச் சுருக்கமான கான்செப்ட் பேப்பர் சில பக்கங்கள் மட்டுமே. படித்துவிட்டு 'முழு விண்ணப்பம் அனுப்பலாம்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்வார்கள். 'வேண்டாம்' என்றாலும் அனுப்புவதற்குத் தடையில்லை; ஆனால் மூன்று பேரின் இரண்டு மாத உழைப்பைப் பந்தயம் வைப்பது புத்திசாலித்தனமா என்று யோசியுங்கள்.

முழு விண்ணப்பத்தின் தொழில்நுட்பப் பகுதிக்குப் பக்க வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டிய பக்கத்தைப் படிக்கவே மாட்டார்கள். உங்கள் மைல்கல் அட்டவணை அங்கே போய் விழுந்தால் அது இல்லாததுபோலவே. பல அழைப்புகளில் மதிப்பெண் பாதி தொழில்நுட்பச் சிறப்புக்கும் தாக்கத்துக்கும், மீதி திட்டமிடலுக்கும் குழுவுக்கும் போகும். அழைப்பில் அந்த விகிதம் அச்சிடப்பட்டிருக்கும். பக்கங்களையும் அதே விகிதத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் வரும். பதில் எழுத சில வேலை நாள்தான் தருவார்கள். இந்தக் கட்டத்தைப் பலர் மரியாதைக்கு ஒரு நன்றிக் கடிதமாக எழுதி வீணடிக்கிறார்கள். மிகக் கடுமையான குறிப்பை முதலில் எடுங்கள். முடிந்தால் புதிய அளவீட்டு வரைபடம் ஒன்றால் பதில் சொல்லுங்கள். 'மதிப்பீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டார்' என்று எழுதத் தோன்றினால், அவருக்குப் புரியாத அந்த விண்ணப்பத்தை எழுதியது யார் என்று நினைத்துப் பாருங்கள்.

படி 6: பங்குத்தொகை. ஒரு வகுத்தல் பிழையில் விண்ணப்பமே போகும்

2005 எரிசக்திக் கொள்கைச் சட்டத்தின் 988-ஆம் பிரிவுப்படி, ஆராய்ச்சித் திட்டத்தில் குறைந்தது 20%, செயல்விளக்கத் திட்டத்தில் குறைந்தது 50% அரசு அல்லாத பணம். பொதுவாகச் செய்யும் பிழை: 20% எதில் என்பது. அரசுப் பணத்தில் அல்ல, மொத்தச் செலவில்.

அரசிடம் 20 லட்சம் டாலர் கேட்கிறீர்கள். அதில் 20% என்று 4 லட்சம் போட்டால், மொத்தம் 24 லட்சம். உங்கள் பங்கு 16.7% மட்டுமே. விண்ணப்பம் தகுதியற்றது. சரியான கணக்கு: 20 லட்சத்தை 0.8-ஆல் வகுத்தால் மொத்தம் 25 லட்சம், உங்கள் பங்கு 5 லட்சம். அந்த 20 லட்சத்தில் 4 லட்சம் தேசிய ஆய்வகத்துக்கு நேராகப் போகிறது என்றால், உங்கள் அணிக்கு வருவது 16 லட்சம். பங்கு அப்போதும் 5 லட்சம்தான். உங்கள் கையால் செலவாகும் 21 லட்சத்தில் கிட்டத்தட்ட 24% உங்கள் பணம். ஆய்வகத்தின் பங்கைப் பெரிதாக்க ஆசைப்படும்போது இதை நினைவில் வையுங்கள்.

பணமாகத்தான் போட வேண்டும் என்பதில்லை. ஊழியர் சம்பளம், மூலப்பொருள், இயந்திரப் பயன்பாட்டு நேரம், கூட்டாளி தரும் பொருள், எல்லாம் செல்லும். மதிப்புக்கு ஆதாரம் இருந்தால். மாநில அரசின் நிதி, முதலீட்டாளர் போட்ட பணம் ஆகியவையும் செல்லும். செல்லாதவை: வேறொரு மத்திய அரசு நிதி, திட்டத்துக்கு முன்பே செலவழித்த பணம், எதிர்காலத்தில் வரப்போகும் ராயல்டி. 'ஏற்கெனவே முப்பது லட்சத்துக்கு ஆய்வகம் கட்டிவிட்டோம், அதையே பங்காகக் காட்டலாமே' என்பது நிறைய பேர் கேட்கும் கேள்வி. முடியாது.

பங்குத்தொகை கடைசியில் மொத்தமாகக் காட்டும் சமாச்சாரமும் இல்லை. ஒவ்வொரு பில்லோடும் அதே விகிதத்தில் காட்ட வேண்டும். முதலாண்டில் அரசுப் பணத்தை மட்டும் செலவழித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் சரிக்கட்டுவதாக இருந்தால் எழுத்தில் முன் அனுமதி வாங்குங்கள். லாபம் என்று ஒரு வரி பட்ஜெட்டில் வரவே கூடாது. மறைமுகச் செலவுக்கு (வாடகை, நிர்வாகம் போன்றவை) அங்கீகரித்த விகிதம் இல்லாதவர்கள் அதற்கென்று விகித முன்மொழிவு ஒன்று தயார் செய்ய வேண்டியிருக்கும். முதன்முறை என்றால், அரசு ஒப்பந்தக் கணக்குத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுவது மலிவு.

படி 7: மைல்கல் எழுதும் கலை

தேர்வானதும் பேச்சுவார்த்தை தொடங்கும். இழுபறியில் மூன்று நான்கு மாதம் போகலாம். கான்செப்ட் பேப்பரிலிருந்து கையெழுத்து வரை ஓராண்டு என்று கணக்கு வையுங்கள். இந்தக் கட்டத்தின் மையம், திட்ட நோக்க அறிக்கையும் அதிலுள்ள மைல்கல் அட்டவணையும்.

திட்டம் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு காலப்பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொன்றின் முடிவிலும் 'கோ – நோ கோ' என்னும் கதவு. எட்டினால் அடுத்த பகுதிக்குப் பணம். எட்டாவிட்டால் திட்டத்தை மாற்றலாம், நிறுத்தவும் செய்யலாம்.

பெரோவ்ஸ்கைட் என்னும் புதிய வகைச் செல் பொருளை எடுத்துக்கொள்வோம். மோசமான மைல்கல் இப்படி இருக்கும்: 'பெரோவ்ஸ்கைட் மாட்யூலின் நிலைத்தன்மையை மேம்படுத்திக் காட்டுதல்.' எவ்வளவு மேம்பட்டால் போதும்? யார் அளப்பது? எத்தனை மாட்யூல்?

நல்லது இப்படி: 'ஒவ்வொன்றும் 200 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத 10 மாட்யூல்கள், 85 டிகிரி வெப்பம், 85% ஈரப்பதத்தில் 1,000 மணி நேரம் இருந்த பிறகு, தொடக்கத் திறனில் சராசரியாக 95%-க்குக் குறையாமல் தக்கவைத்தல், அளவீடு கூட்டணிக்கு வெளியே உள்ள ஆய்வகத்தில், பத்துக்கும் தனித்தனித் தரவு ஒப்படைத்தல்.' ஆயிரம் மணி நேரமும் ஐந்து சதவீத இழப்பு வரம்பும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. பேனல்களின் தகுதிச் சோதனைத் தரமான ஐ.இ.சி. 61215-இல் உள்ள அளவுகள் அவை. அந்தத் தரத்தின் வேர், 1975 முதல் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரி அரசுக்காக மொத்தக் கொள்முதல் செய்து பேனல்களைச் சோதித்த காலத்தில் இருக்கிறது.

மாட்யூல் எண்ணிக்கையும் பரப்பளவும் ஏன் கட்டாயம்? ஆய்வகங்களில் 'சாதனைச் செல்' ஒன்று எப்போதும் இருக்கும்: நகத்தளவு, நூறில் ஒன்று, மிக நன்றாக வந்தது. ஆலைக்கு வேண்டியது நூற்றில் தொண்ணூறு ஒரே மாதிரி வருவது.

பெரோவ்ஸ்கைட்டில் குறிப்பாக எங்கே தவறும் என்று சொல்லிவிடலாம். விளிம்பு அடைப்பு வழியாக ஈரம் நுழைவது முதலாவது. பெரும்பாலும் மின் இணைப்பு நாடா வெளியே வரும் மூலையில்தான். இரண்டாவது, மின்னழுத்தத்தை வேகமாக ஏற்றி இறக்கி அளந்தால் ஒரு திசையில் ஒரு எண்ணும் மறு திசையில் வேறொன்றும் வரும்; எனவே அதிகபட்சத் திறன் புள்ளியில் நிறுத்தி, எண் நிலைபெற்ற பிறகு அளப்பதாக மைல்கல்லிலேயே எழுதுங்கள். மூன்றாவது கொஞ்சம் ஏமாற்றுவது: இந்தச் செல்கள் பகலில் இழந்ததில் ஒரு பகுதியை இரவு இருட்டில் திரும்பப் பெறும், சில வகைகளில் நேர் எதிராகவும் நடக்கும். தொடர் வெளிச்சத்தில் மட்டும் சோதித்த மாட்யூல் கூரையில் வேறு மாதிரி நடந்துகொள்வது இதனால்தான். ஒளி–இருள் சுழற்சியும் வெளிப்புறச் சோதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாண்டியா ஆய்வகமும் என்.ஆர்.இ.எல். நிறுவனமும் சேர்ந்து நடத்தும் 'பேக்ட்' மையம் இத்தகைய நடுநிலைச் சோதனைக்காக 2021-இல் தொடங்கப்பட்டது.

மாட்யூல்களைப் பார்சலில் அனுப்பும்போது, கிளம்பும் முன் அளந்த எண்ணும் போய்ச் சேர்ந்ததும் அளந்த எண்ணும் இரண்டும் பதிவாக வேண்டும். சோதனைக்கு உட்படுத்தாமல் அலமாரியில் வைக்க மூன்று ஒப்பீட்டு மாட்யூல்களைக் கூடவே அனுப்புங்கள். இல்லாவிட்டால் லாரியில் விரிசல் விட்டதையும் ஈரத்தில் கெட்டதையும் பிரித்துச் சொல்ல முடியாது.

படி 8: கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

காப்புரிமை: 1980-ஆம் ஆண்டின் பே–டோல் சட்டப்படி சிறு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் கண்டுபிடிப்புக்கு உரிமை வைத்துக்கொள்ளலாம், அரசுக்குக் கட்டணமில்லாப் பயன்பாட்டு உரிமம் உண்டு. கண்டுபிடித்தவர் நிறுவனத்தின் காப்புரிமைப் பொறுப்பாளரிடம் தெரிவித்த இரண்டு மாதத்துக்குள், அரசு நிதியில் பிறந்த கண்டுபிடிப்புகளைப் பதியும் ஐ-எடிசன் தளத்தில் பதிய வேண்டும். இதைத் தவறவிட்டால் உரிமையே போகலாம். 2021-க்குப் பிறகு எரிசக்தித் துறை இன்னொரு நிபந்தனையும் சேர்த்திருக்கிறது: இந்தப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பை உள்ளடக்கிய பொருள் கணிசமாக அமெரிக்காவிலேயே தயாராக வேண்டும். பின்னாளில் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை போடும் கனவு இருந்தால், எந்தக் கண்டுபிடிப்பு இந்தத் திட்டத்துக்குள் பிறந்தது, எது முன்பே உங்களுடையது என்று தேதியோடு பிரித்து எழுதிவைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கூட்டாளிகளுக்குள் தனி ஒப்பந்தம்: பல்கலைக்கழகத்துக்குக் கட்டுரை வெளியிட வேண்டும், உங்களுக்கு ரகசியம் வேண்டும். வெளியிடும் முன் இத்தனை நாள் பார்வைக்குத் தர வேண்டும் என்று ஒரு எண்ணைப் போட்டுக்கொள்வதே வழக்கம். திட்டம் தொடங்கியபின் இதைப் பேசினால் கசப்புதான் மிஞ்சும்.

ரத்து: திட்டம் துறையின் முன்னுரிமைக்குப் பொருந்தாமல் போனால் நிறுத்தலாம் என்று மத்திய அரசு நிதி விதிகளில் இடம் உண்டு. வெறும் காகித விதி என்று நினைத்திருந்தவர்களுக்கு 2025 அக்டோபர் பாடம்: 223 எரிசக்தித் திட்டங்களுக்கான சுமார் 756 கோடி டாலரை ரத்து செய்வதாக ஒரே அறிவிப்பில் துறை சொன்னது. பணம் பொதுவாகச் செலவுக்குப் பின் பில் போட்டு வாங்குவது என்பதால், பில் போடாமல் தேக்கிவைத்தால் ஆபத்து கூடும். மாதா மாதம் போடுங்கள். இரண்டு மூன்று மாதச் சம்பளத்தை எப்போதும் கையில் வையுங்கள்.

படி 9: நடத்துவதும் முடிப்பதும்

காலாண்டு அறிக்கையில் நல்ல செய்தி மட்டும் எழுதும் பழக்கம் வேண்டாம். மைல்கல் நழுவப்போவது மூன்று மாதம் முன்பே தெரிந்தால் திட்ட மேலாளரிடம் சொல்லுங்கள். வேலைத்திட்டத்தை மாற்ற அவரிடம் வழிகள் உண்டு. கதவுக்கு வந்து நின்றபின் சொன்னால் அவர் கையில் ஒன்றுமில்லை. நேரப் பதிவேட்டை ஒவ்வொருவரும் அன்றன்று நிரப்ப வேண்டும்; தணிக்கையாளர் முதலில் எடுப்பது அதைத்தான். ஒரே நிறத்தில், ஒரே நாளில், மூன்று மாதத்துக்குச் சேர்த்து நிரப்பிய தாள் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

காலம் முடிந்த 120 நாளுக்குள் இறுதித் தொழில்நுட்ப அறிக்கை, இறுதி நிதி அறிக்கை, கண்டுபிடிப்புப் பட்டியல், இயந்திரங்களின் கணக்கு எல்லாம் போக வேண்டும். தொழில்நுட்ப அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரும் என்பதால், காக்க வேண்டிய தரவை ஒப்படைக்கும்போதே அதற்குரிய முத்திரை வாசகத்தோடு தனிக் கோப்பாகக் கொடுங்கள்; முத்திரையில்லாமல் போன பக்கத்தைத் திரும்ப அழைப்பது கடினம். திட்டப் பணத்தில் வாங்கிய விலையுயர்ந்த இயந்திரம் தானாக உங்களுடையதாகிவிடாது. வைத்துக்கொள்ளலாமா, விற்றுப் பங்கு தர வேண்டுமா என்று துறையின் எழுத்துப்பூர்வ பதில் வரும்வரை அதை இடம் மாற்றக்கூட வேண்டாம். கோப்புகளை மூன்று ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள். அந்தக் கணக்கு, இறுதி நிதி அறிக்கை கொடுத்த நாளிலிருந்து தொடங்கும்.